வடபுல அணிக்கு வெறிவீரர் இருவர் போதும்

பொம்மை வீரர்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் சிறுபடை ஆட்டத்துக்கு நீங்கள் அமைத்த வடபுல அணியில் பத்துப் பேருமே கோடரி ஏந்திய வெறிவீரர்கள் (பெர்செர்க்கர்கள்), எதிரியை நெருங்குமுன்பே அம்புபட்டுப் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாக்குதல் எண்ணை இன்னும் ஏற்றாதீர்கள். கோளாறு அங்கே இல்லை.

உங்கள் வடபுல அணிக்கு முன்மாதிரியான வைக்கிங்குகளின், அதாவது பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடி வீரர்களின், பலத்தில் பெரும்பங்கு கேடயத்துக்கு உண்டு. நார்வேயில் 1880-ல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் 64 வட்டக் கேடயங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 94 செ.மீ. குறுக்களவு. அதை விதியாக்குங்கள்: கேடயக்காரர் இருவர் ஒட்டி நின்றால் அம்புக்கு எதிராக இருவருக்கும் தற்காப்பு +1, ஆனால் அந்தச் சுற்றில் ஓட முடியாது. உடனே ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க வேண்டி வரும்: சேர்ந்து நகர்வதா, பிரிந்து பாய்வதா? என்னைக் கேட்டால், சிறுபடை ஆட்டத்துக்கு உயிரே இந்தத் தவிப்புதான்.

வெறிவீரர் இருவர் போதும். இரு கையால் கோடரி வீசுபவருக்குக் கேடயம் கிடையாது. அதற்கு ஈடாக, அவர் வெட்டும்போது எதிரியின் கேடயப் பலன் செல்லாது.

அப்புறம், பொம்மைகளுக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் வேண்டாமே. 1943-ல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த கவசத்தில் கொம்பே இல்லை. கண்களைச் சுற்றிய அந்த இரும்பு வளையமே போதுமான மிரட்டல். முதலில் ஆறு வீரர் கொண்ட அணியோடு இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.