அறுவை சிகிச்சைக்கு முன் சிபாப் முகமூடியை நிறுத்தலாமா?

நிறுத்தவே வேண்டாம். சிபாப் (CPAP) என்பது தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க, முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவி. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், வாய் வறண்டு நள்ளிரவில் முகமூடியைக் கழற்றிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மயக்க மருந்தும் வலுவான வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும். அதற்குள் கருவி பழகியிருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பெரும்பாலும் தூக்கத்தில் வாய் திறந்து காற்று கசிகிறது. காலையில் கருவியின் திரையில் கசிவின் அளவையும் அணிந்திருந்த நேரத்தையும் பாருங்கள். கசிவு அதிகமென்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி பற்றிக் கேளுங்கள். ஈரப்பதமூட்டியும் உதவும். ஓர் இரவுக்கு 4 மணி நேரம் என்பது குறைந்தபட்சம்தான், தூங்கும் நேரம் முழுவதும் அணிவதே நல்லது.

கருவியின் காற்றழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடாது. கழற்றிவிடுவதை மயக்கவியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறுவை சிகிச்சையன்று கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.