அடுப்பில்லாத வீட்டில் மலைப்பூண்டு ஏன் பூசணம் பிடிக்கிறது?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் 30 சென்ட்டில் மலைப்பூண்டு போட்டிருந்தேன். ஜூன் நடவு. அக்டோபர் கடைசியில் இரண்டு மழைக்கு நடுவே பிடுங்கி, 25 பூண்டுக்கு ஒரு கட்டாகக் கட்டி, புது தார்சு வீட்டின் பின்னறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. வெளியே தெரியும் கட்டுகள் நன்றாக இருக்கின்றன. உள்வரிசைக் கட்டுகளில் கழுத்தெல்லாம் சாம்பல் நிறப் பூசணம், அழுத்தினால் நெகிழ்கிறது. அப்பா காலத்தில் பழைய வீட்டுப் பரணில் இப்படி ஆனதே இல்லை. அந்த வீட்டில் இப்போது விறகும் சாமானும்தான் கிடக்கின்றன. மொட்டைமாடியில் வெயில் காட்டலாமா? ஹீட்டர் வைக்கலாமா? பாதிப் பூண்டை வரும் ஜூனுக்கு விதையாக வைக்க வேண்டும்.

பதில்: தம்பி, மீதியைப் பிறகு படிக்கலாம். முதலில் கட்டுகளை எல்லாம் இறக்கிவிடுங்கள். இன்றைக்கு விட்டது நாளைக்குப் பக்கத்துக் கட்டுக்கும் போய்விடும்.

இறக்கியதை மூன்றாகப் பிரியுங்கள். கழுத்தும் பூண்டும் நெகிழ்ந்தவை ஒரு குவியல். இவற்றை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். கழுத்தில் மட்டும் பூசணம், பூண்டு கெட்டி என்றால் இன்னொரு குவியல். இதை உரித்து, கெட்டுப்போன பல்லை நீக்கிவிட்டு, வீட்டுச் சமையலுக்கு முதலில் தீர்த்துவிடுங்கள். விதைக்கோ இருப்புக்கோ இது வேண்டாம். சுத்தமானவை மூன்றாவது. பிரிக்கும்போதே ஒவ்வொரு பூண்டையும் திருப்பி வேர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதற்குள் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகள் இருந்தால் அது வெள்ளை அழுகல். அது இந்தப் பூசணம் மாதிரி காயவைப்பதில் வந்த கோளாறு அல்ல, மண்ணிலிருந்து வந்த நோய். அந்த மணிகள் இருபது வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். அப்படி ஒன்று கண்டாலும் அந்தப் பாத்திப் பூண்டை விதைக்கு எடுக்கவே கூடாது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் கழுத்தழுகல் மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் சேர்த்த பூண்டில் தப்பில்லை, கட்டின விதத்திலும் பெரிய தப்பில்லை. உங்கள் வீட்டில் அடுப்பு இல்லை, அதுதான் தப்பு.

பழைய வீட்டில் பரண் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே. விடிகாலையில் காப்பிக்கு ஒரு தீ, பிறகு சோற்றுக்கு, சாயங்காலம் வெந்நீருக்கு, ராத்திரி குளிருக்கு. ஓட்டு இடுக்கு வழியாகப் புகையும் ஆவியும் தானாக வெளியேறும். பூண்டுக்கென்று யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை. ஆனால் நாள் முழுக்க இளஞ்சூடான காற்று கீழிருந்து மேலே கட்டுகளுக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. இப்போது கேஸ் அடுப்பு, அதுவும் வேறு அறையில். பின்னறையில் குளிர்ந்த கான்கிரீட்டும் சாத்திய ஜன்னலும்தான். அங்கே பூண்டு விடுகிற ஈரம் போக வழியில்லாமல் கட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிய நேரத்தில் நம் ஊர்க் காற்று 12 டிகிரி, ஈரம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் எதுவும் காயாது, எத்தனை ஃபேன் போட்டாலும் காயாது. அதே காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 55 சதவீதமாகக் குறைந்துவிடும். தண்ணீர் கொஞ்சமும் குறையவில்லை. சூடான காற்றுக்கு இன்னும் ஈரத்தைத் தாங்கும் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். பத்து டிகிரி வித்தியாசம் போதும். உங்கள் பாட்டி வைத்த அடுப்பு அந்தப் பத்து டிகிரியைத்தான் கொடுத்தது. புகையில் உள்ள சில பொருள்கள் மேல்தோலில் பூசணம் ஏறாமல் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் முக்கால் வேலை சூட்டுடையது, கால் வேலைதான் புகையுடையது.

ஆகவே என் யோசனை: பழைய வீட்டுக்கே போங்கள். கூரை ஒழுகவில்லை என்றால் விறகை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அந்த அடுப்பை மறுபடி பற்றவையுங்கள். நன்றாகக் காய்ந்த விறகு, நம் பக்கத்துச் சீகை மரமோ யூகலிப்டஸோ எதுவானாலும் சரி. பச்சை விறகு வேண்டாம். அது புகையைவிட அதிகமாக ஆவியைத்தான் விடும். பெயிண்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக், டயர் எதையும் பற்றவைக்கப் பயன்படுத்தாதீர்கள், சாப்பிடுகிற பொருள் மேலே தொங்குகிறது. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் சின்னத் தீயாக எரியட்டும். கட்டு தொங்கும் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். வெதுவெதுப்பாக, எவ்வளவு நேரமானாலும் வைத்திருக்கும்படி இருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் பூண்டுக்கு அது அதிகம். 25 முதல் 30 டிகிரி நல்லது, 35ஐத் தாண்ட விடாதீர்கள். சூடு ரொம்பவும் ஏறினால் பல் வெந்துபோகும். உரித்துப் பார்த்தால் வெள்ளையாக இல்லாமல் மெழுகு மாதிரி மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அது பிறகு முளைக்கவே முளைக்காது.

கட்டையும் மாற்றுங்கள். 25 என்பது உங்கள் அப்பாவின் பரணுக்குச் சரியான எண்ணிக்கை. ஈரமான வருஷத்தில் 10, 12க்கு மேல் வேண்டாம். தாள் (இலை) நுனியில் முடிச்சுப் போட்டு, கழுத்துப் பக்கம் விசிறி மாதிரி விரிந்து நிற்கும்படி தொங்கவிடுங்கள். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சுவரில் எதுவும் உரசக் கூடாது.

புது வீட்டில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஹீட்டர் வைக்கலாம். ஆனால் ஹீட்டர் மட்டும் வைத்து அறையைச் சாத்தினால் அது பூண்டுக்கு ஆவிபிடிக்கிற வேலைதான். மேலே ஒரு ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ திறந்திருக்க வேண்டும், கீழே ஒரு சின்ன ஃபேன் காற்றை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து, மஞ்சு ஏறுவதற்கு முன் மூடிவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60க்கும் 70க்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாத்திய அறையில் கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துவிட்டு அங்கேயே படுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, கண் எரிச்சல் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர் நாளில் பூண்டுக்குக் காவல் என்று அதே அறையில் படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய வீட்டில் அடுப்பெரித்தாலும் இரவில் அங்கே யாரும் தூங்க வேண்டாம்.

மொட்டைமாடி வெயில் வேண்டாம். நம் உயரத்தில் வெயில் சுடுவது குறைவாகத் தெரிந்தாலும் அதன் கடுமை குறைவில்லை. நேராகப் பட்ட பக்கம் பூண்டு வெளிறிப் பச்சையோடும், சில நேரம் வெந்தும் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, பகலெல்லாம் காய்ந்தது மூன்று மணி மஞ்சில் மறுபடி நனைந்துவிடும். காய்ந்து நனைந்து காய்கிற பூண்டின் மேல்தோல் வெடிக்கும், வெடிப்பு வழியே பச்சையும் நீலமுமாக இன்னொரு பூசணம் நுழையும். தார்ப்பாயும் மூடாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் பூம்பாறையில் ஒரு பெரியவருக்கு, மழைக்குப் பயந்து, பிடுங்கிப் போட்ட பூண்டை இரவில் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். காலையில் தூக்கினபோது தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அந்தப் பூண்டில் பாதி வீணானது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஈரத் தார்ப்பாய் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? நாள் கணக்கை நம்பாதீர்கள். இரண்டு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். நடுவில் தொங்கும் ஒரு கட்டில் சிவப்புத் துணி கட்டி, தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை அதே கட்டை நிறுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் வேலை முடிந்தது. கூடவே ஒரு பூண்டைக் கழுத்தில் இரண்டு விரல்கடை மேலே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் பச்சையோ பிசுபிசுப்போ இருக்கக் கூடாது. கழுத்தை உருட்டினால் காய்ந்த சோளத் தட்டை மாதிரி சரசரக்க வேண்டும். வடுகபட்டிச் சந்தையில் நான் பார்த்த வியாபாரிகள் பூண்டின் பருமனுக்கு முன்னால் கழுத்தைத்தான் கிள்ளிப் பார்ப்பார்கள்.

விதைக்கு வைப்பது இனிமேல்தான் முக்கியம். நவம்பரிலிருந்து ஜூன் வரை ஏழு மாதம். பூண்டு சீக்கிரம் முளைவிடுவது ஏறக்குறைய 5 முதல் 18 டிகிரிக்குள். கொடைக்கானல் மலையில் வருஷத்தில் பெரும்பாலான நாளும் இரவும் அதற்குள்தான் வரும். அதாவது நம் குளிர் பூண்டைக் காப்பாற்றுவதில்லை, எழுப்பிவிடுகிறது. வீட்டு ஃபிரிட்ஜும் அதே சூட்டில்தான் இருக்கிறது. அங்கே வைத்த பூண்டு இன்னும் வேகமாக முளைக்கும். பரண் சூட்டில் இருந்தால்தான் அது தூங்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டுக்கு நாள்பட இருக்கும் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் பாதி ரகத்துக்கு, பாதி அடுப்புக்கு.

ஆகவே விதைக் கட்டுகளை மட்டும் மே வரை அந்தப் பரணிலேயே விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு தினமும் தீ வேண்டாம், மழை நாளில் ஒரு வேளை போதும். நடவுக்கு மூன்று வாரம் முன்னால் இறக்கி, உங்கள் குளிர்ந்த பின்னறையில் வையுங்கள். அந்தக் குளிர் அப்போதுதான் பயன்படும், முளை ஒரே சீராக வரும். பல் பிரிப்பது நடுவதற்கு முந்தின ஓரிரு நாளில் மட்டும். ஏக்கருக்கு 200 கிலோ என்ற கணக்கில் உங்கள் 30 சென்ட்டுக்கு 60 கிலோ விதை வேண்டும். கழிவும் சுருக்கமும் போக இருக்கட்டும் என்று இப்போதே 80 கிலோ எடுத்துவையுங்கள். பெரிய, தோல் மூடிய, கழுத்துக் காயமில்லாத பூண்டாக எடுங்கள். மிச்சத்தை விற்கத் தயங்க வேண்டாம்.

அடுத்த முறை பிடுங்குவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அடித்தாள் நான்கைந்து பழுத்து, மேலே நான்கைந்து பச்சையாக இருக்கும்போது பிடுங்குங்கள். ஒவ்வொரு பச்சைத் தாளும் பூண்டின் மேல் ஒரு தோல். மழைக்குப் பயந்து காத்திருந்து எல்லாத் தாளும் காய்ந்துவிட்டால் போர்த்த தோல் மிச்சமிருக்காது.

சிவப்புத் துணிக் கட்டின் முதல் மூன்று எடைகளை எழுதி அனுப்புங்கள். தீயைக் கூட்டவா குறைக்கவா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.