வாட்டைவிட வடிகட்டியைப் பாருங்கள்

வணக்கம். டைல்ஸ் தரை, தூசி ஒவ்வாமை உள்ள தாயார், 3,000 ரூபாய்க்குள் வயர் உள்ள ஸ்டிக் வேக்குவம் என்று சொல்லி, 600 வாட் போதுமா, 800 வாட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாட் என்பது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவேயன்றி உறிஞ்சும் திறனன்று. உறிஞ்சும் திறனைக் கிலோபாஸ்கல் (kPa எனக் குறிக்கப்படும் அழுத்த அலகு) கணக்கில் ஒப்பிட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு, மிக நுண்ணிய தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டியே முதன்மையானது. அது கழுவக்கூடியதா, மாற்று வடிகட்டி தனியே விற்பனைக்குக் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கழுவியபின் ஒரு நாள் முழுவதும் நிழலில் உலராமல் பொருத்தினால், ஈரம் மோட்டாருக்குள் சென்று கெடுத்துவிடும். வாசல் கோலமாவை வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டாம், அந்த மெல்லிய பொடி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். தூசிக் குடுவையைத் திறக்கும்போது புகைபோல் தூசி எழும் என்பதால், அவ்வேலையைத் தாயாரிடம் விடாமல் நீங்களே வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பிளக்கிலிருந்து கட்டிலின் மறுபக்கம் வரை அளந்து பார்த்து, அதற்குப் போதுமான வயர் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். இரண்டு வாட் அளவுகளும் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கிலேயே இயங்கும்.