டர்பைன் ஓடும் நேரத்தைக் கேட்டுவிட்டு ஆற்றில் இறங்குங்கள்

கேள்வி: டர்பன் கடற்கரையில் ஷேட் என்ற கடல்மீனைப் பிடித்தே பழகியவன் நான். ஆரஞ்சு ஆற்றில், வாண்டர்க்ளூஃப் அணைக்குக் கீழே ஃப்ளை ஃபிஷிங், அதாவது போலி ஈயைக் கட்டி மீன்பிடிக்கப் போகிறேன். எந்தப் போலி ஈ வாங்குவது?

ஈ கிடக்கட்டும் தம்பி. அணையில் மின்சாரம் எடுக்கும் டர்பைன் எப்போது ஓடும் என்று முதலில் விசாரியுங்கள்.

கடலின் ஏற்றவற்றத்தை நிலாவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். இந்த ஆற்றின் ஏற்றவற்றம் தென்னாப்பிரிக்க மின் நிறுவனமான எஸ்காமின் கையில் இருக்கிறது. 1977இல் கட்டி முடித்த 108 மீட்டர் உயர அணை. 120 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. மின்தேவை உச்சத்துக்குப் போகும் காலையிலும் மாலையிலும்தான் பெரும்பாலும் அவற்றை ஓட்டுவார்கள். ஜொகன்னஸ்பர்க்கில் எல்லோரும் அடுப்பைப் போட்டால் இங்கே ஆறு ஏறும், மேகமே இல்லாத நாளில், சத்தம் காட்டாமல்.

கீழே போகப் போக அதே தண்ணீர் பல மணி நேரம் தாமதித்து வரும். ஆகவே நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு அடிக்கடி திரும்பிப் பாருங்கள். கல் நனைந்தால், கொக்கியில் மீனே இருந்தாலும் கரையேறுங்கள். சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும் அப்படியே. நடு ஆற்றுத் திட்டுகளுக்கு நடந்து போகவே வேண்டாம். போகும்போது முழங்கால், திரும்பும்போது கழுத்து.

இப்போது ஈ. நீர் விரைந்தோடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். எள் அப்பியதுபோல் கறுத்த புழுக்கள் ஒட்டியிருக்கும். பிளாக்ஃப்ளை என்ற கடிக்கும் ஈயின் புழுக்கள் அவை. அணைகள் வந்து ஆண்டு முழுவதும் நீர் ஓடத் தொடங்கியபின் பெருகியவை. ஆற்றோர ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் பெருந்தொல்லை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்மால்மவுத் யெல்லோஃபிஷுக்கோ விருந்து. அதனால் சிறிய கறுப்பு நிம்ஃப் (நீருக்குள் வாழும் பூச்சிப்புழுவைப் போன்ற போலி ஈ), கனமான மணி கோத்தது, போதும். தூண்டில் கழி ஐந்தாம் அல்லது ஆறாம் எண்.

கடற்கரையில் எறிவதுபோல் தோள்பலத்தைக் காட்டாதீர்கள். அங்கே ஈயக்குண்டு நூலை இழுத்துப் போகிறது. இங்கே தடித்த நூலின் கனம்தான் ஈயைக் கொண்டுபோகிறது. நல்லவேளையாக நிம்ஃபுக்கு அவ்வளவாக வீசவும் வேண்டாம். கழி நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக நூல் விட்டு, நீர் வரும் பக்கமாக மேலே போட்டு, ஓட்டத்தோடு கழியை நகர்த்துங்கள். நூல் தயங்கினால் தூக்குங்கள். பெரும்பாலும் கல்தான், இருந்தாலும் தூக்குங்கள்.

அணையின் ஆழத்திலிருந்து வருவதால் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். மீன் மந்தமாக இருந்தால் ஈயை மாற்றிக்கொண்டிருக்காமல் சில கிலோமீட்டர் கீழே போய்ப் பாருங்கள்.

பிடித்ததை விட்டுவிட வேண்டும், குறிப்பாக அருகிவரும் லார்ஜ்மவுத் யெல்லோஃபிஷ் இனத்தை. குழம்புக்கு மீன் எங்கே என்று டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆயா கேட்டால், அதற்கு ஷேட் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதையும் அக்டோபர், நவம்பரில் பிடிக்கக் கூடாது.

மீன்பிடி அனுமதிச் சீட்டு மாகாணவாரியானது. அணையை அடுத்து ஒரு கரை ஃப்ரீ ஸ்டேட், மறுகரை வடக்கு கேப். எந்தக் கரையில் நிற்கப் போகிறீர்களோ அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணை நிலம் வழியாகப் போவதென்றால் உரிமையாளரிடம் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.