பாராட்ரூப்பர் ஆக ஆசை: அக்னிவீரா, ஆபீசரா?

கேள்வி: எனக்கு 19 வயது. பெரம்பூரில் இருக்கிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. என்.சி.சி.யில் பி சர்டிஃபிகேட் வாங்கிவிட்டேன். பாராட்ரூப்பர், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் படைவீரர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. படிப்பை விட்டுவிட்டு அக்னிவீரில் சேரட்டுமா, டிகிரி முடித்து, ஆபீசர் ஆவதற்கான சி.டி.எஸ். தேர்வை எழுதட்டுமா? ‘நாலு வருஷ வேலைக்கு டிகிரியை விடுவியா’ என்று அப்பா திட்டுகிறார். ஒரு பயிற்சி மையத்தில், பணம் கட்டினால் பாரா ரெஜிமென்டிலேயே சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நம்பாதீர்கள். பாரா ரெஜிமென்டில் இடம் வாங்கித் தர வெளியாள் யாராலும் முடியாது. ராணுவ ஆட்சேர்ப்புக்கு ஆன்லைன் தேர்வுக்கான சில நூறு ரூபாய் கட்டணம் தவிர வேறு செலவு கிடையாது. ஓடப் பழக்கிவிட, கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு மையம் பணம் வாங்கினால் அது நியாயமான தொழில். ‘இடம்’ என்று பேச்சை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்கள் சொல்வது ஏன் நடக்காது என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. இந்திய ராணுவத்தில் ‘பாராட்ரூப்பர்’ என்று விண்ணப்பிக்கும் பதவியே இல்லை. முதலில் சிப்பாயாகவோ ஆபீசராகவோ சேர வேண்டும். அப்புறம் பாராவுக்கு விருப்பம் தெரிவித்து, அவர்கள் வைக்கும் சோதனைக் காலத்தைத் தாண்ட வேண்டும். ‘ப்ரொபேஷன்’ என்பார்கள். அதைத் தாண்டாதவர் வேறு பிரிவுக்குப் போக வேண்டியதுதான். சிபாரிசு அங்கே எடுபடாது, முதுகில் இருக்கும் சுமையைச் சிபாரிசு வந்து தூக்காது.

சிப்பாய் வழியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்த பிறகு, சிப்பாயாகச் சேருபவர் அநேகமாக எல்லோரும் அக்னிவீர்தான். ‘ஜாயின் இண்டியன் ஆர்மி’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் முகாமில் உடல்தகுதித் தேர்வு, பிறகு மருத்துவப் பரிசோதனை. பொதுச் சிப்பாய்க்கான ஜெனரல் டூட்டி பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் போதும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உயரம் 166 செ.மீ. மார்பளவு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

வயதில் கவனம் வேண்டும். திட்டம் அறிவித்தபோது 17½ முதல் 21 என்று வைத்தார்கள். அந்த முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பிலும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் பிறந்தவர்’ என்று போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. உங்களுக்கு அதிக வாய்ப்புகள் மிச்சமில்லை என்பது மட்டும் உறுதி.

தேறியவர்களை எந்த ரெஜிமென்டுக்கு அனுப்புவது என்பதை மதிப்பெண்ணும் காலியிடமும் பார்த்து ராணுவம்தான் முடிவு செய்யும். தமிழ்நாட்டுப் பையன்களில் பலர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டுக்கோ, பெங்களூரில் இருக்கும் எஞ்சினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கோ போவார்கள். சிலருக்குப் பீரங்கிப் படை கிடைக்கும். பாரா ரெஜிமென்டின் பயிற்சி மையமும் பெங்களூரில்தான் இருக்கிறது. நேராக அங்கேயே அனுப்பப்படுகிறவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. வேறு ரெஜிமென்டில் சேர்ந்து அங்கிருந்து பாராவுக்குத் தன்னார்வலராகப் போவது இன்னொரு பாதை. பாரா பிரிகேடுக்குள் பீரங்கி, எஞ்சினியர், சிக்னல், மருத்துவப் பிரிவுகளும் இருக்கின்றன. அவர்களும் குதித்துச் சிறகுச் சின்னம் வாங்கியவர்கள்தான். 1941-ல் விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர்களில் ஒருவரான ரங்கராஜ் ஒரு ராணுவ டாக்டர். பின்னாளில் கொரியப் போரில் 60-ஆவது பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைமை தாங்கி மகாவீர் சக்ரா வாங்கினார்.

நீங்கள் பி.காம். என்பதால், ‘கிளார்க் பிரிவுக்குப் போடு, போட்டி குறைவு’ என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும். பாரா பட்டாலியன்களிலும் கிளார்க்குகள் உண்டு, அவர்களும் குதிக்கிறார்கள். இருந்தாலும் சண்டைப் படையில் இருக்கத்தான் ஆசை என்றால் ஜெனரல் டூட்டிக்கே போடுங்கள்.

அப்பா சொல்லும் நாலு வருஷத்துக்கு வருவோம். அவர் கவலை வீண் கவலை இல்லை. நாலு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் ராணுவம் இன்னும் 15 ஆண்டுக்கு வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் ‘சேவா நிதி’ என்ற மொத்தத் தொகையோடு வெளியே வருகிறார்கள். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டில் 40,000. இதில் 30 சதவீதத்தைப் பிடித்துவைத்து, அதே அளவு தொகையை அரசும் போடும். இரண்டும் சேர்ந்து வட்டி இல்லாமலே சுமார் 10 லட்சம் வரும். பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-லேயே அறிவித்தார்கள்.

பாரா ஆசை உள்ளவர் இந்த நாலு ஆண்டை இன்னும் நெருக்கிப் பார்க்க வேண்டும். அடிப்படைப் பயிற்சிக்கே ஆறேழு மாதம் போய்விடும். பிறகு பட்டாலியனில் சோதனைக் காலம். அதைத் தாண்டினால் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி. வேறு ரெஜிமென்டில் சேர்ந்து அங்கிருந்து வருவதானால், உங்களை விடுவிக்க அந்த யூனிட்டும் மனம் வைக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தாலும், பாராவின் மெரூன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்க மிஞ்சுவது இரண்டு, மூன்று வருடம். அதற்குமேல் நீடிப்பது அந்த 25 சதவீதத்தில் வருவதைப் பொறுத்தது. நன்றாக உழைப்பவருக்கு அது எட்டாத இடம் இல்லை. கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு டிகிரியை விடுவதுதான் தப்பு.

ஆபீசர் வழி உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. சி.டி.எஸ். தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. டேராடூன் ராணுவ அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு என்று மூன்று தாள். நம்ம பரங்கிமலையில் இருக்கும் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்கு முதல் இரண்டு தாள் போதும், கணக்கு கிடையாது. எந்த டிகிரியும் செல்லும். வயது வரம்பு தோராயமாக 24, 25 வரை இருப்பதால் நாலைந்து முறை முயலலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் உங்கள் கையிலேயே இருக்கிறது. என்.சி.சி. சிறப்பு நுழைவு என்று ஒன்று உண்டு. சி சர்டிஃபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம், வயது 19 முதல் 25. எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணல். கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். பி சர்டிஃபிகேட் வரை வந்தவர் மூன்றாம் ஆண்டில் கல்லூரியை விட்டுப் போவது, இந்த வழியை நீங்களே அடைப்பது போல. சி சர்டிஃபிகேட்டுக்கு அக்னிவீர் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஆக்ராவில் என்.சி.சி. கேடட்டுகளுக்கென்றே பாரா பேசிக் கோர்ஸ் நடக்கிறது. தேர்வாவது கஷ்டம்தான், ஆனாலும் உங்கள் யூனிட்டில் கேட்டு வையுங்கள். ராணுவத்தில் சேரும் முன்பே குதித்துப் பார்க்க உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு அது.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். பெங்களூர், போபால், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் நடக்கும். அங்கே திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம், முதல் தடவையிலேயே தேறாததற்கு வெட்கப்பட வேண்டாம். அகாடமிப் பயிற்சி முடியும்போது எந்தப் படைப்பிரிவு வேண்டும் என்று கேட்பார்கள். பாராவுக்குச் சில இடங்கள்தான், போட்டி கடுமை. அப்போது கிடைக்காவிட்டாலும், வேறு ரெஜிமென்டில் சேர்ந்த பிறகு தன்னார்வலராகப் போகலாம். ஆபீசர் என்பதால் சோதனைக் காலத்தில் சலுகை ஏதும் இல்லை. பரங்கிமலை வழி குறுகிய காலப் பணி: 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு, நிரந்தரப் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

குதிப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். பாரா என்றதும் எல்லோருக்கும் விமானக் கதவுதான் கண்முன் வருகிறது. ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராட்ரூப்பர்ஸ் டிரெய்னிங் ஸ்கூலில், விழுந்து புரளவும் கதவை விட்டு வெளியேறவும் தரையிலேயே பழக்கிவிட்டு, ஐந்து முறை குதிக்க வைப்பார்கள். அதில் ஒன்று இரவில். ஐந்தும் முடிந்தால் சிறகுச் சின்னம். ஆயிரத்துச் சொச்சம் அடி உயரம், பாராசூட் தானாக விரியும், எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். பையன்களை வடிகட்டுவது இந்தக் கட்டம் இல்லை. அதற்கு முன்னால் வரும் சோதனைக் காலம்தான். முழுச் சுமையோடு நீண்ட தூரம் நடப்பது, ஓடுவது, தூக்கமில்லாமல் வேலை செய்வது, களைத்துப்போன நேரத்தில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது. பாராவுக்குள்ளேயே சிறப்பு அதிரடிப் படையான ஸ்பெஷல் ஃபோர்சஸ் பட்டாலியன் என்றால் இன்னும் கடுமை. பலிதான் பேட்ஜ் என்ற சின்னம் அவர்களுக்கு மட்டும்தான், எல்லாப் பாரா வீரரும் அதை அணிய முடியாது. உயரத்துக்குப் பயமில்லை என்பதால் மட்டும் பாரா கேட்கிறீர்கள் என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

உடம்பைத் தயார் செய்வதை இன்றே தொடங்கலாம், எந்த வழியில் போனாலும் அது வீணாகாது. அக்னிவீர் முகாமில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும். அந்த நேரம் கி.மீ.க்கு மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. தினமும் மெதுவாக ஐந்து கி.மீ. ஓடுவதால் மட்டும் அது வராது. வாரம் இருமுறை 400 மீட்டரை வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும்.

சென்னையில் இதற்கு ஏப்ரல், மே புழுக்கம் பெரிய தொல்லை. ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மெரினாவில் ஓடுவதானால் சர்வீஸ் ரோட்டில் ஓடுங்கள். மணலில் ஓடினால் கால் உரமாகும் என்று தினமும் போய், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு முகாமுக்கு வருகிற பையன்கள் ஏராளம். சென்னை ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் முகாம் சென்னையிலேயே நடக்கும் என்றும் இல்லை, பக்கத்து மாவட்டங்களில் நடக்கலாம். நடுராத்திரியில் வரிசையில் நின்று விடிவதற்குள் ஓட வேண்டி வரும். வெறும் வயிற்றில், தூக்கமில்லாமல் ஒரு முறையாவது ஓடிப் பாருங்கள்.

மருத்துவத்தில் கண்ணாடி இல்லாத தூரப் பார்வை, நிறக் குருடு, தட்டைப் பாதம், முட்டி இடித்தல், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் பச்சை குத்தியிருந்தால் சிக்கல் வரும். இவற்றில் ஏதாவது உங்களைத் தடுக்குமா என்று ஒரு அரசு மருத்துவமனையில் இப்போதே பார்த்துவிடுங்கள், ஓடத் தொடங்கும் முன்.

நம்மவர்களுக்கே வரும் தலைவலி ஒன்று இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கே’ என்று ஒற்றை எழுத்தும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் இருந்தால் சரிபார்ப்பில் நிறுத்துவார்கள். திருத்த நாளாகும். இப்போதே இ-சேவை மையத்துக்குப் போங்கள். அப்புறம் இந்தி. ராணுவத்தில் ஆணையும் பேச்சும் இந்தியில்தான். எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுத முடியும், பட்டாலியனில் தமிழ் மட்டும் போதாது.

ஆக, நான் சொல்வது இதுதான். டி.சி. வாங்க வேண்டாம். மூன்றாம் ஆண்டுக்குப் போங்கள். படித்துக்கொண்டே அக்னிவீருக்கும் விண்ணப்பியுங்கள், அதற்குக் கல்லூரியை விட வேண்டியதில்லை. தேறிப் பயிற்சிக்கு அழைப்பு வந்துவிட்டால், உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: பாரா கிடைக்காமல் வேறு ரெஜிமென்டில் நாலு வருடம் இருந்தாலும் சந்தோஷமாக இருப்பேனா? ஆம் என்றால் போகலாம். பணியில் இருந்தபடியே டிகிரி முடிக்க இக்னோவில் அக்னிவீர்களுக்கென்று படிப்புகள் இருப்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். தயக்கம் வந்தால் டிகிரியை முடித்து ஆபீசர் வழியில் முயலுங்கள்.

சி சர்டிஃபிகேட் தேர்வுக்குத் தேவையான பரேடு வருகையும் கேம்ப்பும் உங்களுக்கு இருக்கிறதா என்று இந்த வாரமே உங்கள் என்.சி.சி. ஆபீசரிடம் கேட்டுவிடுங்கள். குறைந்தால் ஈடுகட்ட இன்னும் நேரம் இருக்கிறது.