வாசகர் கேள்வி: செழியன் என்ன சாதித்தார்?

கேள்வி: நாடாளுமன்றத்தில் ஆவேசமாக முழங்குகிறவர்களின் பெயர்தான் மக்கள் மனத்தில் நிற்கிறது. நம் வேலூரில் வாழ்ந்து மறைந்த இரா. செழியன் போன்ற மிதவாதிகள் அமைச்சர் பதவியைக்கூட எட்டவில்லை. அவர்களால் என்ன பயன்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: அமைச்சர் பதவியை அளவுகோலாகக் கொண்டால் செழியனின் பணி கண்ணுக்கே தெரியாது. 1962-இல் பெரம்பலூரிலிருந்தும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலிருந்தும் தி.மு.க. சார்பில் மக்களவைக்குச் சென்ற அவர், எழுபதுகளின் தொடக்கத்தில், அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். இக்குழுவின் தலைமையை எதிர்க்கட்சியினருக்கு அளிக்கும் மரபு 1967-இல்தான் தொடங்கியது.

அங்கே முழக்கத்துக்கு வேலை இல்லை. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள் தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க, துறைச் செயலாளர் எதிரே வந்து, ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, ஒப்பந்தத் தொகை ஏன் கூடியது என்று பத்தி பத்தியாக விளக்கம் சொல்லியாக வேண்டும். அமைச்சர்கள் இக்குழுவில் இடம்பெற முடியாது. கோப்பை முழுதும் படித்துவிட்டு வந்தவரின் நிதானமான கேள்விக்குத்தான் அதிகாரிகள் அஞ்சுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நிதானம் என்றால் பணிந்துபோவது என்று பொருள் கொள்ள வேண்டாம். நெருக்கடி நிலைக்காலக் கொடுமைகளை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கைகள் 1978-இல் வெளிவந்தன. 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான பிறகு அவற்றின் பிரதிகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. செழியன் தம்மிடமிருந்த பிரதியைப் பத்திரமாகக் காத்து, 2010-இல், 87 வயதில், ஒரே நூலாகப் பதிப்பித்தார். இன்று ஒரு மாணவர் அந்த ஆவணத்தை எளிதாகப் புரட்டிப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எத்தனையோ அமைச்சர்கள் இதற்கு ஈடாக ஒன்றையும் விட்டுச்செல்லவில்லை.

கேள்வி: அவர் கடைசிவரை ஒரே கட்சியில் இருந்தாரா? அவருடைய உரைகளை எங்கே படிக்கலாம்?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: இல்லை. தி.மு.க.விலிருந்து விலகி 1977-இல் ஜனதாவில் சேர்ந்தார்; 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். 2017 ஜூன் 6 அன்று வேலூரில் காலமானார். மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1962-லிருந்து தொடங்குங்கள், அப்போது மக்களவையில் தி.மு.க. உறுப்பினர்கள் 7 பேர்தான்.