லேப்டாப் சார்ஜரிலேயே கிடக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப் நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கிறது. கரண்ட் போனால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில், அதை எங்கே வைத்துப் படிக்கிறாள் என்று பாருங்கள் அம்மா. கிருஷ்ணகிரியில் என் மேசைக்கு ரிப்பேருக்கு வருபவை பெரும்பாலும் மெத்தைமேல் கிடந்தவைதான். அடியில் உள்ள காற்றுத் துளையில் தூசியும் பஞ்சும் அடைத்திருக்கும். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். 100 சதவீதத்திலேயே நின்று, சூட்டிலும் கிடந்தால் சீக்கிரம் தேயும். ஷீட் கூரை வீடென்றால் சித்திரை மதியத்தில் கேட்கவே வேண்டாம்!

பல மாடல்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்கிலேயே உண்டு. அதைப் போட்டுவிட்டால் சார்ஜர் மாட்டியே இருந்தாலும் பெரிய பாதகமில்லை. அடிக்கடி சார்ஜைச் சுத்தமாக இறக்கி ஏற்றச் சொல்வார்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்து வழக்கம், விடுங்கள். கரண்ட் இல்லாதபோது திரை வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

ஆனால் ஏற்கெனவே தேய்ந்தது திரும்பி வராது. அப்புறம், டச்பேட் (கீபோர்டுக்குக் கீழே விரலால் தேய்க்கும் பட்டை) லேசாக மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். சார்ஜ் போடாமல் அணைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.